சுருக்கம் விழாத படுக்கை

ரிசார்ட்டில் வேலை கிடைத்திருக்கிறது என்றதும் எங்கள் தெருவில் எல்லோரும் ஒரே கேள்வியைத்தான் கேட்டார்கள்: "நீச்சல்குளம் இருக்குமா?" இருந்தது. கடலைப் பார்த்தபடி, நீலமாக, விளிம்பே தெரியாமல். நான்கு வருஷத்தில் ஒருமுறைகூட அதில் நான் கால் நனைத்ததில்லை. முதல் நாள் கையெழுத்துப் போட்ட தாளிலேயே அது எழுதியிருந்தது. நீச்சல்குளத்தைப் பயன்படுத்தக் கூடாது, கெஸ்ட் லிஃப்டில் ஏறக் கூடாது, லாபி சோபாவில் உட்காரக் கூடாது, நகம் வளர்க்கக் கூடாது, கொலுசு கூடாது. இரண்டு பக்கத்துக்குக் கூடாதுகள். பத்தொன்பது வயதில் யார் அதையெல்லாம் படிக்கிறார்கள்? கையெழுத்துப் போட்டுவிட்டுப் பேனாவைத் திருப்பிக் கொடுத்தேன்.

நான் ஆசைப்பட்டது வரவேற்பு மேசைக்கு. விளம்பரப் புத்தகத்தில் அப்படியொரு பெண் நின்றிருந்தாள். கழுத்தில் பட்டுத் துணி, பின்னால் பூ ஜாடி, முகத்தில் கவலையே அறியாத சிரிப்பு. அந்த இடத்தில் என்னை வைத்துப் பார்த்துக்கொண்டுதான் பஸ் ஏறினேன். அவர்கள் என்னை மேலும் கீழும் பார்த்துவிட்டு, "முதலில் ஹவுஸ்கீப்பிங்கில் இருக்கட்டும், பேச்சு கொஞ்சம் பழகட்டும்" என்றார்கள். பேச்சு பழகுவதற்கு ஆளே இல்லாத அறைகளுக்கு எதற்கு அனுப்புகிறார்கள் என்று கேட்கும் தைரியம் அப்போது இல்லை.

எங்களுக்குப் பின்வாசல். பையைச் சோதிக்கும் காவலாளி, விரல் வைத்து வருகை பதியும் பெட்டி, அப்புறம் ஒரு நீண்ட நடைபாதை. ஒரு பக்கம் சலவைக்கூடத்தின் ஆவி, மறுபக்கம் சமையலறையின் இரைச்சல், தலைக்கு மேலே குழாய்கள். சுவரில் ட்ராலி இடித்த வடுக்கள் இடுப்பு உயரத்தில் வரிசையாக ஓடும். நடைபாதை முடிகிற இடத்தில் இரண்டு பக்கமும் திறக்கிற கதவு, அதற்குப் பக்கத்தில் ஆளுயரக் கண்ணாடி. தலைமுடி சரியா, பெயர்ப் பட்டை நேராக இருக்கிறதா, சிரிப்பு இருக்கிறதா என்று பார்த்துவிட்டுக் கதவைத் தள்ள வேண்டும். தள்ளினால் காலுக்குக் கீழே சிமெண்ட் போய்க் கம்பளம் வந்துவிடும். சத்தம் எல்லாம் ஒரே அடியில் அணைந்துபோகும். பூ வாசனை. முதல் சில நாள் அந்தக் கதவைக் காரணமே இல்லாமல் இரண்டு மூன்று தடவை தள்ளிப் பார்த்திருக்கிறேன்.

எனக்கு வேலை சொல்லிக்கொடுத்த அக்காவுக்குப் பதினோரு வருஷ அனுபவம். அதிகம் பேச மாட்டார். முதல் நாள் ஒரு அறைக்குக் கூட்டிக்கொண்டுபோய், "ஒக்காரு" என்று கட்டிலின் தலைமாட்டுப் பக்கம் தரையைக் காட்டினார். தலையணை உயரத்துக்கு என் தலை வரும்படி குனிந்து உட்கார்ந்தேன். "இப்பப் பாரு. என்ன தெரியுது?" மேசை விளக்கின் உள்பக்கம் ஒரு நூலாம்படை தெரிந்தது. நின்றுகொண்டு எத்தனை தடவை பார்த்தாலும் தெரியாது. "கெஸ்ட்டு நின்னுக்கிட்டுத் தூங்க மாட்டாரு" என்றார். எனக்குக் கிடைத்த பயிற்சி வகுப்புகளில் அதைவிடச் சிறந்த ஒன்று இல்லை. குளியலறையிலும் அப்படித்தான். கெஸ்ட் உட்காரும் இடத்தில் உட்கார்ந்து, எதிரே என்ன தெரிகிறது என்று பார்க்க வேண்டும்.

படுக்கை விரிப்பதுதான் ஹவுஸ்கீப்பிங்கின் அரிச்சுவடி. விரிப்பை ஒரே வீச்சில் பரப்பி, கால்மாட்டை முதலில் மெத்தைக்கு அடியில் செருக வேண்டும். மூலையிலிருந்து ஒரு முழம் தள்ளிப் பக்கவாட்டுத் துணியைப் பிடித்துத் தூக்கி மெத்தை மேல் போட்டால் அது முக்கோணமாக நிற்கும். கீழே தொங்குகிற மிச்சத்தை உள்ளே செருகிவிட்டு, முக்கோணத்தை இறக்கி, அதையும் செருகினால் மூலையில் சாய்வான ஒரு மடிப்பு விழும். 45 பாகை. ஆஸ்பத்திரிக் கட்டில்களிலிருந்து வந்த முறை என்பார்கள். எனக்கு அது சரியாக வர இரண்டு வாரம் பிடித்தது. அக்காவுக்கு ஒரு கட்டில் மூன்று நிமிஷம். பேசிக்கொண்டே செய்தாலும் மூன்று நிமிஷம்தான்.

ஒவ்வொரு கட்டிலுக்கும் குறைந்தது மூன்று ஜோடி விரிப்பு இருக்கும். ஒன்று கட்டிலில், ஒன்று சலவையில், ஒன்று அலமாரியில். மழைநாளில் சலவை தாமதமானால் இந்தக் கணக்கு குழம்பி, மாடிக்கு மாடி ஒருவருக்கொருவர் துணி கடன் கேட்டு அலைவோம். குளியலறைக்கு மருந்தை முதலில் தெளித்துவிட்டு வந்து படுக்கையைப் பார்க்க வேண்டும், அது ஊறட்டும். தூசி தட்டுவது கதவில் தொடங்கி ஒரே திசையில் சுற்றிக் கதவிலேயே முடிய வேண்டும், அப்போதுதான் எதுவும் விட்டுப்போகாது. எங்கள் பரம எதிரி அழுக்கு இல்லை, தலைமுடி. அழுக்கை மன்னித்தாலும் மன்னிப்பார்கள். வெள்ளைத் தொட்டியில் ஒரே ஒரு கறுப்பு முடி கிடந்தால் அன்றைக்கு மேனேஜர் வரை போகும்.

என் பங்கு நாளைக்கு 14 அறைகள். அதாவது 14 குளியலறைகள். 1908-ல் அமெரிக்காவின் பஃபலோ நகரத்தில் எல்ஸ்வொர்த் ஸ்டாட்லர் என்பவர் ஓட்டல் கட்டியபோது ஒவ்வொரு அறைக்கும் தனிக் குளியலறை வைத்தாராம். "ஒன்றரை டாலருக்கு ஒரு அறையும் ஒரு குளியலறையும்" என்று விளம்பரம். விருந்தினர்களுக்கு அவர் பெரிய புண்ணியவான். என் முழங்காலைக் கேட்டால் வேறு சொல்லும்.

பிற்பாடு படித்த ஒன்றும் நினைவுக்கு வருகிறது. ஏழு ஓட்டல்களில் அறை சுத்தம் செய்யும் 84 பெண்களை வைத்து அமெரிக்காவில் ஓர் ஆய்வு செய்தார்கள், 2007-ல் வெளிவந்தது. உடற்பயிற்சி செய்கிறீர்களா என்று கேட்டதற்குப் பலரும் இல்லை என்றே சொன்னார்களாம். பாதிப் பேரிடம் மட்டும் "நீங்கள் செய்கிற வேலையே நல்ல உடற்பயிற்சிதான்" என்று விளக்கிவிட்டு, நான்கு வாரம் கழித்துப் பார்த்தால் அவர்களுக்கு மட்டும் எடையும் ரத்த அழுத்தமும் குறைந்திருந்ததாம். எந்த அளவுக்கு அதை நம்புவது என்று எனக்குச் சந்தேகம் உண்டு. ஆனால் நாள் முழுக்கக் குனிந்து நிமிர்ந்துவிட்டு, உடற்பயிற்சியா, அதெல்லாம் எங்களுக்கு ஏது என்று சொல்லும் பெண்களை எனக்குத் தெரியும். நானும் அப்படித்தான் சொல்லியிருப்பேன்.

பளபளப்பு எப்போது உதிர்ந்தது என்று கேட்டால் ஒரு அறையைச் சொல்வேன். புதிதாகக் கல்யாணமானவர்கள், ஐந்து இரவு. முதல் நாள் காலையில் போனபோது கட்டிலின் நடுவில் தலையணைகளை நீளவாக்கில் அடுக்கி ஒரு சுவர் கட்டியிருந்தார்கள். இரண்டு பக்கமும் இரண்டு பேர் படுத்த தடம். நான் சுவரைக் கலைத்து, தலையணைகளை அதனதன் இடத்தில் வைத்து, மேலே ஒரு பூவும் வைத்துவிட்டு வந்தேன். மறுநாள் சுவர் திரும்ப இருந்தது. மூன்றாம் நாளும். அந்த இரண்டு பேரையும் சாயங்காலம் குளத்தோரம் பார்த்தேன். தோளில் கைபோட்டுப் படம் எடுத்துக்கொண்டிருந்தார்கள், அழகாக இருந்தார்கள். நான் நாலாம் நாளும் சுவரைக் கலைத்தேன், ஐந்தாம் நாளும். வேறென்ன செய்வது? போகும்போது கருத்துப் படிவத்தில் எல்லாவற்றுக்கும் முழு மதிப்பெண் போட்டிருந்தார்கள். அதற்கு முன்னால் வரை வரும் கெஸ்ட்களின் செருப்பையும் பையையும் பார்த்துப் பொறாமைப்பட்டிருக்கிறேன். பிறகு பொறாமை போய்விட்டது என்று சொல்ல மாட்டேன். செருப்பின் மேல் மட்டும் இருந்தது.

குப்பைக்கூடை, கசங்கிய துணி, பாதி மாத்திரை அட்டை, கிழித்த கடிதம். எங்களுக்குத் தெரியாதது எதுவும் இல்லை. எங்களைத்தான் யாருக்கும் தெரியாது. அறைக்குள் நுழைகிறவருக்கு, தனக்கு முன்னால் அங்கே ஒருவரும் இருந்ததில்லை என்று தோன்ற வேண்டும். அந்த ஒருவரில் முன்பு தங்கியவரும் சேர்த்தி, நாங்களும் சேர்த்தி. விளம்பரப் படத்தில் இருந்தவளைப் போல் எல்லோரும் பார்க்கும் இடத்தில் நிற்க ஆசைப்பட்டு வந்தவள், தடமில்லாமல் போய்வரப் படித்துக்கொண்டிருந்தேன்.

ஆறாவது மாதமோ ஏழாவது மாதமோ, ஒரு கதவைத் தட்டினேன். "ஹவுஸ்கீப்பிங்." உள்ளேயிருந்து பதில் இல்லை. மறுபடி தட்டி, காத்திருந்து, சாவியைப் போட்டுத் திறந்தால் அந்த மனிதர் குளியல் அங்கியோடு நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். "பரவாயில்லை, நீ பாட்டுக்கு வேலையைப் பார்" என்றார். குரல் சாதாரணமாகத்தான் இருந்தது. எழுந்து என் பின்னால் வந்து, கதவைச் சாத்தக் கையை நீட்டினார். கதவு சாத்தவில்லை. ட்ராலி குறுக்கே நின்றது. அறை வேலை முடிகிற வரை ட்ராலி வாசலில் குறுக்கே நிற்க வேண்டும் என்பது அக்காவின் முதல் நாள் பாடம். துணி எடுக்க வசதியாக இருக்கும் என்றுதான் நான் நினைத்திருந்தேன்.

"நான் அப்புறம் வரேன் சார்" என்றேன். சிரித்தேன் என்பதுதான் இப்போதும் எரிச்சலாக இருக்கிறது. சிரித்துக்கொண்டே ட்ராலியைத் தள்ளிக்கொண்டு வந்துவிட்டேன், கை நடுங்கிக்கொண்டிருந்தது. அக்கா ஒன்றுமே கேட்கவில்லை. பேனாவை எடுத்து லாக் புக்கில் அறை எண், நேரம், என் பெயர், நடந்தது இரண்டே வரி எழுதி, கீழே தன் கையெழுத்தையும் போட்டார். அலுவலகத்தில் ஒருவர், "அவர் ஒண்ணும் பண்ணலையே?" என்று கேட்டார். "பண்ணியிருந்தா இன்னும் ரெண்டு வரி கூட எழுதியிருப்பேன்" என்றார் அக்கா. அந்த மனிதர் ரிசார்ட்டை விட்டுக் கிளம்பும் வரை அந்த அறைக்கு இரண்டு பேராகத்தான் போனோம்.

இது என் ஒருத்தியின் கதை இல்லை என்பது பிறகுதான் தெரிந்தது. 2017-ல் சிகாகோ நகர மன்றம், அறைகளில் தனியாக வேலை பார்க்கும் ஓட்டல் ஊழியர்களுக்கு ஆபத்தில் அழுத்தும் பொத்தான் ஒன்றைக் கையில் கொடுத்தே ஆக வேண்டும் என்று சட்டமே போட்டது. அதற்கு முந்தைய வருஷம் சியாட்டில் நகர மக்கள் வாக்களித்து அதையே கொண்டுவந்தார்கள். வேலையிடத்து வன்முறைக்கும் தொல்லைக்கும் எதிரான சர்வதேச உடன்படிக்கையைச் சர்வதேசத் தொழிலாளர் அமைப்பு 2019-ல்தான் ஏற்றது. அதுவரைக்கும் எங்களைப் போன்றவர்களுக்கு இருந்தது ட்ராலியும் ஒரு அக்காவும். "நான் அப்புறம் வரேன் சார்" என்பதை அதற்குப் பிறகு எத்தனையோ இடத்தில் சொல்லியிருக்கிறேன், ரிசார்ட்டுக்கு வெளியேயும். சிரிக்காமல் சொல்லப் பழக ஒரு வருஷம் ஆனது.

முதல் லீவில் ஊருக்குப் போனதைச் சொல்ல வேண்டும், சொல்லக் கூச்சமாக இருந்தாலும். வீட்டுக்குள் நுழைந்ததும் என் கண் தானாக மூலைகளுக்குப் போனது. தலையணையில் ஒரு முடி. சோப்பில் கட்டைவிரல் பதிந்த குழி. பிறந்து வளர்ந்த வீட்டை, குறை கண்டுபிடிக்க வந்த சூப்பர்வைசரைப் போலச் சுற்றிப் பார்த்தேன். அம்மா வெளியே போயிருந்த நேரத்தில் அவள் கட்டிலை உரித்துப்போட்டு, விரிப்பை இழுத்து, நாலு மூலையும் 45 பாகையில் மடித்து, கல்லுப் போல் செருகி வைத்தேன். என் திறமையைக் காட்டுகிற ஆசை. அவளுக்கு ஒரு சொகுசு என்றும் நினைத்துக்கொண்டேன்.

ராத்திரி இருட்டில் அவள் முனகுகிற சத்தம். "என்னடி இது, காலை உள்ள விடவே முடியலை?" உதைத்து உதைத்து விரிப்பை உருவினாள். "இது கட்டிலா, தபால் கவரா?" இரண்டு பேரும் சிரித்தோம். ஆனால் காலையில் நான் எழுந்து வருவதற்குள் அவள் சோப்பை மாற்றியிருந்தாள். புது சோப்பு, உறை பிரித்த வாசனையோடு. நான் பார்த்ததை அவள் பார்த்திருக்கிறாள். அதைப் பற்றி நாங்கள் பேசவில்லை.

ஒன்றரை வருஷம் கழித்து, கேட்டுக் கேட்டு, ஃப்ரண்ட் ஆபீசுக்கு மாற்றல் வாங்கினேன். கழுத்தில் அந்தப் பட்டுத் துணி. பார்ப்பதற்குப் பட்டு, செயற்கை நூல்தான், வெயில் காலத்தில் அரிக்கும். எட்டு மணி நேரம் நிற்க வேண்டும், நிற்கும் எட்டு மணி நேரமும் முகம் வேலை செய்ய வேண்டும். அறைகளை உள்ளதைவிடக் கூடுதலாகவே முன்பதிவு எடுப்பார்கள், எப்படியும் சிலர் வர மாட்டார்கள் என்ற கணக்கில். கணக்குத் தப்பி எல்லோரும் வந்துவிட்டால், பயணக் களைப்போடு நிற்கிறவரைப் பார்த்து, உங்களுக்கு வேறொரு ஓட்டலில் அறை போட்டிருக்கிறோம் என்று சொல்கிற வாய் என்னுடையது. திட்டு வாங்குவதும் அதே வாய்தான். சிரித்தபடி வாங்க வேண்டும். விமானப் பணிப்பெண்களை ஆராய்ந்த ஆர்லி ஹாக்ஷீல்டு என்ற சமூகவியலாளர் இதற்கு 1983-லேயே உணர்ச்சி உழைப்பு என்று பெயர் வைத்திருக்கிறார். படித்தபோது, அட, இதற்குப் பெயர்கூட இருக்கிறதா என்றிருந்தது. முழங்கால் வலி இரவில் தூங்கினால் போய்விடும். கன்னம் அப்படி இல்லை. அறைக்குத் திரும்பிப் பல் தேய்க்கும்போதுகூடக் கண்ணாடியில் அதே சிரிப்பு நிற்கும், கழற்றி மாட்ட மறந்த யூனிஃபார்ம் மாதிரி.

புதிதாக வருகிறவர்களுக்கு எங்கள் மேனேஜர் தவறாமல் சொல்கிற கதை ஒன்று உண்டு. 1850-ல் சுவிட்சர்லாந்தின் ஒரு மலைக் கிராமத்தில் விவசாயக் குடும்பத்தின் பதின்மூன்றாவது பிள்ளையாகப் பிறந்த சேசார் ரிட்ஸின் கதை. ஓட்டலில் எடுபிடியாகச் சேர்ந்த பையனை, உனக்கு இந்தத் தொழில் வராது என்று முதலாளி துரத்திவிட்டாராம். அவர்தான் லண்டனில் சவாய் ஓட்டலை நடத்தி, 1898-ல் பாரிசில் தன் பெயரிலேயே ஓட்டல் திறந்தார். வாடிக்கையாளர் ஒருபோதும் தவறு செய்வதில்லை என்ற வாசகமும் அவர் பெயரில்தான் வழங்குகிறது. "நீங்களும் வரலாம்" என்று மேனேஜர் முடிப்பார்.

மிச்சக் கதையை நானாகத் தேடிப் படித்தேன். 1902 ஜூனில் ஏழாம் எட்வர்டின் முடிசூட்டு விழாவுக்காக லண்டன் கார்ல்டன் ஓட்டலில் ரிட்ஸ் பெரிய ஏற்பாடுகள் செய்து வைத்திருந்தார். விழாவுக்கு இரண்டு நாள் முன்பு அரசருக்கு அவசர அறுவை சிகிச்சை, விழா தள்ளிவைப்பு. ரிட்ஸ் அன்றைக்கே நொறுங்கிப்போனார். மனம் அதிலிருந்து முழுதாக மீளவே இல்லை, 1918-ல் இறந்தார். இதை ஒருநாள் மேனேஜரிடம் சொன்னேன். "அதெல்லாம் ட்ரெய்னிங்குக்குத் தேவையில்லை" என்றார். எனக்கென்னவோ அந்தப் பாதிதான் ட்ரெய்னிங் என்று தோன்றியது. அந்த மாதத்திலிருந்து, வார விடுமுறையில் போன் எடுப்பதை நிறுத்தினேன்.

அம்மா ஒரே ஒரு தடவை வந்தாள். கூட்டம் குறைந்த பருவம், பாதி அறைகள் காலி. ஊழியர்களின் குடும்பத்தை முன்வாசல் வழியாக அழைத்து வர வழியில்லை. பின்வாசலில் பையைச் சோதித்து, சலவை ஆவி வழியாக நடந்து, அந்தக் கண்ணாடியைத் தாண்டி வந்தோம். அம்மாவும் ஒரு நொடி நின்று தலைமுடியைச் சரிசெய்துகொண்டாள். அக்கா சூப்பர்வைசரிடம் பேசி, பார்க்க வருகிறவர்களுக்குக் காட்டுகிற ஒரு அறையைப் பத்து நிமிஷத்துக்குத் திறந்து வைத்திருந்தார்.

அம்மா கடலைப் பார்க்கவில்லை. கட்டிலைத்தான் பார்த்தாள். மடியில் பையை வைத்தபடி, கீழே வைக்க மனமில்லாமல், ஓரத்தில் உட்கார்ந்தாள். மூலை மடிப்பை விரலால் தடவினாள்.

"இதுதானே நீ நம்ம வீட்டுல பண்ணினது?"

"ஆமாம்மா."

"ஒரு நாளைக்கு எத்தனை?"

"அப்போ 14."

எதுவும் சொல்லவில்லை. வாசலில் அக்கா கூப்பிட்டார். யாரோ சூப்பர்வைசருக்கு மேலே உள்ளவர் மாடிக்கு வருகிறாராம், சீக்கிரம் என்றார். இரண்டு நிமிஷம் வெளியே நின்று பேசிவிட்டுத் திரும்பியபோது அம்மா எழுந்து நின்றிருந்தாள். உட்கார்ந்த இடத்தில் விழுந்த பள்ளத்தை உள்ளங்கையால் நீவி நீவிச் சமமாக்கிக்கொண்டிருந்தாள்.

"விடும்மா, நான் பாத்துக்கறேன்."

"நீ பார்த்தது போதும்" என்றாள்.

பஸ் ஏற்றிவிட்டு வந்து, அறையைச் சரிசெய்து பூட்டலாம் என்று போனேன். பள்ளம் இல்லை, சுருக்கம் இல்லை, அவள் வந்துபோன சுவடே இல்லை. அக்காவே குறை சொல்ல முடியாது. தலைமாட்டில் குனிந்து உட்கார்ந்து ஒருமுறை பார்த்தேன், பழக்கம். அப்புறம் கால்மாட்டுப் பக்கம் வந்தபோதுதான் கவனித்தேன். ஒரு பக்கம் மட்டும் விரிப்பின் செருகலை உருவி, ஒரு கால் நுழைகிற அளவுக்குத் தளர்த்தி விட்டிருந்தாள்.

கொஞ்ச நேரம் அங்கேயே நின்றேன். பிறகு இழுத்துச் செருகினேன். நாலு மணிக்கு அந்த அறையைப் பார்க்க ஆட்கள் வருவதாக இருந்தது.